பாக்கெட்டில் அடங்கும் பெரிய காலிபர் கைத்துப்பாக்கி: முதன்முறை வாங்குபவர்களுக்கு

அமெரிக்காவில் தற்காப்புக்காக முதல் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கும் பலரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். பேன்ட் பாக்கெட்டில் அடங்க வேண்டும், ஆனால் .380 மாதிரி சின்ன காலிபர் (தோட்டாவின் அளவு) வேண்டாம், 9 மிமீ அல்லது அதற்கு மேல் என்ன கிடைக்கும்? நானும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினேன். துப்பாக்கி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது, காலிபர் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது என்று நம்பி, .40 காலிபரில் கையளவு பிஸ்டல் ஒன்றை வாங்கினேன். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி இடத்தில், முப்பது தோட்டா சுடுவதற்குள் கட்டைவிரலின் அடிப்பகுதி வீங்கிவிட்டது. அதைவிட மோசம், ட்ரிகரை அழுத்தும் முன்பே கண் தானாக மூட ஆரம்பித்தது. அந்தப் பழக்கத்தை உதற எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

அதனால் நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் பாக்கெட், அடுத்து கை, அப்புறம் ட்ரிகர், கடைசியில்தான் காலிபர். இதெல்லாவற்றுக்கும் முன்னால் சட்டம்.

வாங்கலாமா, வைத்துக்கொண்டு வெளியே போகலாமா?

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இது 1968 முதல் இருக்கும் கூட்டாட்சிச் சட்டம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்புவீர்கள், பின்னணிச் சோதனை நடக்கும். அதில் தெரிந்தே பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம்.

நம்மவர்களில் பலருக்கு இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைக் கேட்காமல் அந்த விதிவிலக்கை நம்பி இறங்க வேண்டாம். துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றம் நாடுகடத்தல் வரை கொண்டுபோய் விடும். க்ரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்த விசாத் தடை கிடையாது.

துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு அனுமதி அட்டை தேவையில்லை. மற்றவற்றில் வகுப்பு, கைரேகை, விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஒரு மாநிலத்தின் அட்டை பக்கத்து மாநிலத்தில் செல்லாமல் போகலாம். தபால் நிலையம், கூட்டாட்சி அரசுக் கட்டடங்கள், பள்ளி வளாகம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அட்டை தேவையில்லாத மாநிலத்தில் இருந்தாலும் அந்த வகுப்புக்குப் போய்விடுங்கள். சுடுவதை விட, எப்போது சுடக்கூடாது என்பதுதான் அங்கே அதிகம் சொல்லித்தரப்படும்.

பாக்கெட்டை அளந்து பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, நீங்கள் யோசித்து வைத்திருக்கும் துப்பாக்கியின் நீளம், உயரம் அளவுக்கு வெட்டுங்கள். அளவுகள் தயாரிப்பாளர்களின் தளத்திலேயே இருக்கும். வெட்டிய அட்டையை நீங்கள் தினமும் போடும் பேன்ட்டின் முன் பாக்கெட்டில் போட்டு ஒரு நாள் முழுக்க நடமாடுங்கள். உட்காருங்கள், குனியுங்கள், கார் ஓட்டுங்கள். பின் பாக்கெட்டை மறந்துவிடலாம். உட்கார்ந்தால் கை அங்கே எட்டாது, அடுத்தவர் கைதான் எட்டும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள். .380-இல் பிரபலமான ரூகர் எல்சிபி சுமார் 5.2 அங்குல நீளம், 3.6 அங்குல உயரம், எடை 10 அவுன்சுக்குக் கீழே. 9 மிமீ-யில் சிக் சவர் பி365 சுமார் 5.8 அங்குல நீளம், 4.3 அங்குல உயரம், காலி மேகசினோடு (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி) 18 அவுன்ஸ் அளவு. ஸ்மித் அண்ட் வெசன் 642 ரிவால்வர் நீளத்தில் 6 அங்குலத்தைத் தாண்டும், எடை சுமார் 15 அவுன்ஸ், சிலிண்டர் இருக்கும் இடத்தில் சுமார் 1.3 அங்குலம் தடிக்கும். காகிதத்தில் இந்த வித்தியாசம் அற்பமாகத் தெரியும். பாக்கெட்டில் போட்டால் அரை அங்குலம் கூட எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

இந்த எடையெல்லாம் தோட்டா போடாத எடை. ஒரு 9 மிமீ தோட்டா ஏறக்குறைய 12 கிராம். பதினொன்று ஏற்றினால் நாலைந்து அவுன்ஸ் கூடும். .45 தோட்டா ஒவ்வொன்றும் 20 கிராமைத் தாண்டும். மெல்லிய துணி பேன்ட்டில் இந்த எடை ஒரு பக்கமாகத் தொங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். வெறும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு முஷ்டியாக மடக்கி வெளியே இழுங்கள். முஷ்டி பாக்கெட்டின் வாயில் மாட்டினால், துப்பாக்கியைப் பிடித்த கையும் மாட்டும். இறுக்கமான ஜீன்ஸ் போடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே இடுப்பு உறைக்கு மாறிவிடுகிறார்கள். அது தோல்வி இல்லை. நல்ல பெல்ட்டும் இடுப்பு உறையும் இருந்தால் இன்னும் பெரிய, சுடுவதற்கு எளிதான துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம்.

காலிபர்: கூடுதலாக என்ன கிடைக்கிறது, அதற்கு என்ன விலை?

.380 ஏசிபி 1908-இல் வந்தது. 9 மிமீ லூகர் அதற்கும் மூத்தது, 1902. இரண்டிலும் குண்டின் (தோட்டாவிலிருந்து பாய்ந்து போகும் முனை) விட்டம் ஒன்றேதான், 0.355 அங்குலம். வேறுபடுவது எடையும் வேகமும். .380 குண்டு பொதுவாக 90, 95 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சின்ன அலகு). 9 மிமீ குண்டு 115, 124, 147 கிரெய்ன் என்று வரும், அதைத் தள்ளும் அழுத்தமும் அதிகம். சாதாரண நீளக் குழலில் 9 மிமீ-யின் ஆற்றல் .380-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆற்றலை விட முக்கியமானது குண்டு எவ்வளவு ஆழம் போகிறது என்பது. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்பிஐ முகவர்களுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு முகவர்கள் இறந்தார்கள். கொள்ளையர்களில் ஒருவன் உடலில் ஆரம்பத்திலேயே பாய்ந்த 9 மிமீ குண்டு இதயத்தை எட்டும் முன் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். அதற்குப் பிறகுதான், உடல் தசைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெலட்டின் கட்டியில் குறைந்தது 12 அங்குலம், அதிகபட்சம் 18 அங்குலம் போக வேண்டும் என்ற அளவுகோலை எஃப்பிஐ வகுத்தது. .380-இல், முனையில் குழி உள்ள, பாய்ந்ததும் விரியும் ஹாலோ பாயிண்ட் குண்டு போட்டால் பல சமயம் 12 அங்குலத்தை எட்டுவதில்லை. ஆழம் போனால் விரிவதில்லை. பெரிய காலிபர் கேட்பவர்களின் கவலைக்குக் காரணம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. எஃப்பிஐ முதலில் 10 மிமீ-க்குப் போனது, பிறகு 1990-இல் வந்த .40 எஸ் அண்ட் டபிள்யூ-வுக்கு இறங்கியது, 2010-களின் நடுவில் மறுபடி 9 மிமீ-க்கே வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் குண்டுகளின் வடிவமைப்பு நன்றாக முன்னேறிவிட்டது. அதோடு, பெரும்பாலான முகவர்கள் 9 மிமீ-யில் வேகமாகவும் துல்லியமாகவும் சுட்டார்கள். முழு அளவு துப்பாக்கி வைத்திருக்கும், பயிற்சி பெற்ற ஆட்களின் நிலையே இது என்றால், பாக்கெட் துப்பாக்கி வைத்திருக்கும் புதியவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் பின்னால் இருப்பது எளிய இயற்பியல். ஒரே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால் பின்னுதைப்பின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடமில்லை. மிச்சமுள்ள இரண்டு விரல்தான் அந்த உதைப்பைத் தாங்கியாக வேண்டும். .40 தோட்டாவின் அழுத்தம் 9 மிமீ அளவுதான், ஆனால் குண்டு 165, 180 கிரெய்ன். சின்னத் துப்பாக்கியில் அது வெடுக்கென்று மேலே எகிறும். எனக்கு நடந்தது அதுதான். பாக்கெட் அளவில் .40 வாங்காதீர்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

.45 ஏசிபி கொஞ்சம் வேறு மாதிரி. அழுத்தம் குறைவு, 230 கிரெய்ன் குண்டு மெதுவாகக் கிளம்பும். உதைப்பு வெடுக்கென்று இல்லாமல் தள்ளுவது போல இருக்கும். 2012-இல் ஸ்ப்ரிங்ஃபீல்டு கொண்டுவந்த எக்ஸ்டி-எஸ் .45, 3.3 அங்குலக் குழலில் இதைச் சாத்தியமாக்கியது. ஆனால் மேகசினில் ஐந்து தோட்டாதான், எடையும் பருமனும் பாக்கெட்டின் எல்லையைத் தொடும். பெரிய கை, கார்கோ பேன்ட், ஏற்கெனவே பல ஆயிரம் தோட்டா சுட்ட அனுபவம், இந்த மூன்றும் இருப்பவர்களுக்கு அது பொருந்தலாம்.

ரிவால்வர் தோட்டாவான .357 மேக்னம் பற்றியும் கேட்பார்கள். இரண்டு அங்குலக் குழல் உள்ள லேசான ரிவால்வரில் அதன் வெடிமருந்தில் கணிசமான பங்கு வெளியே நெருப்பாகத்தான் போகிறது. காதைக் கிழிக்கும் சத்தம், கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம், உள்ளங்கையில் சுத்தியல் அடி. மிக லேசான ரிவால்வர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உதைப்பின் வேகத்தில் சிலிண்டரில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டு மெல்ல முன்னே நகர்ந்து, சிலிண்டர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். அதே ரிவால்வரில் .38 ஸ்பெஷல் போடலாம். பெரும்பாலானவர்கள் கடைசியில் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆக, பாக்கெட்டுக்குப் பெரிய காலிபர் என்றால் என் கணக்கில் இரண்டுதான் மிஞ்சுகிறது: 9 மிமீ பிஸ்டல், அல்லது .38 ஸ்பெஷல் ரிவால்வர்.

பிஸ்டலா, ரிவால்வரா?

2018-க்கு முன் சின்ன 9 மிமீ என்றால் ஆறு, ஏழு தோட்டாதான். கார் (Kahr) என்ற துப்பாக்கி நிறுவனத்தின் பிஎம்9, 2015-இல் வந்த க்ளாக் 43 எல்லாம் அந்த வகை. 2018-இல் பி365 வந்து, ஏறக்குறைய அதே உடம்பில் 10 தோட்டா மேகசினை அடக்கிக் காட்டியது. அடுத்த ஆண்டு ஸ்ப்ரிங்ஃபீல்டு ஹெல்கேட் 11 தோட்டாவோடு வந்தது. இன்று புதிதாக வாங்குபவர்களுக்கு இது நல்ல காலம். ஆனால் இவை பாக்கெட் துப்பாக்கியின் மேல் எல்லையில் இருப்பவை. உங்கள் அட்டைத் துண்டுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ரிவால்வரில் ஐந்தே தோட்டா, மறுபடி நிரப்புவது மெதுவான வேலை. ஆனால் தோட்டாவைத் தட்ட வைக்கும் சுத்தியல் வெளியே தெரியாத 642 போன்ற ரிவால்வரை கோட் பாக்கெட்டுக்குள் இருந்தபடியே ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுட முடியும். பிஸ்டலில், சுடும்போது பின்னால் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு துணியில் சிக்கி முதல் குண்டோடு நின்றுவிட வாய்ப்பு அதிகம். வளைந்த பிடி பாக்கெட்டில் கையோடு எளிதாக வந்து சேரும். ஸ்லைடை இழுக்கும் வேலையும் கிடையாது. சின்ன பிஸ்டல்களின் ஸ்ப்ரிங் கடினமாக இருக்கும். விரல்களில் வலு குறைந்தவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் கடையில் ஸ்லைடைப் பத்து முறை பின்னால் இழுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

அதற்காக ரிவால்வரைப் புதியவர்களுக்கான துப்பாக்கி என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். ட்ரிகர் நீளம், 10 பவுண்டுக்கு மேல் அழுத்த வேண்டியிருக்கும். பார்வைக் குறி ஒரு சின்னப் பள்ளம்தான். எடுத்துச் செல்ல எளிது, நன்றாகச் சுடக் கடினம்.

ட்ரிகரும் சேஃப்டியும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். பாக்கெட்டில் இருக்கும் துப்பாக்கியின் வாய் உங்கள் தொடையையோ காலையோ நோக்கித்தான் நாள் முழுக்க இருக்கும். ஐந்தாறு பவுண்டு ட்ரிகர் உள்ள பிஸ்டலில் பயிற்சி குறைந்தவருக்கு என் பரிந்துரை, கையால் தள்ளும் சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) உள்ள மாடல். பி365 அப்படியும் கிடைக்கிறது. சேஃப்டி வேண்டாம் என்றால் நீண்ட, கனமான ட்ரிகர் இருக்கட்டும். சேஃப்டி உள்ளதை எடுத்தால், ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் கட்டைவிரல் அதைத் தள்ளுவது யோசிக்காமல் நடக்கும் வரை, காலித் துப்பாக்கியில் நூற்றுக்கணக்கான தடவை பழகியாக வேண்டும். பழகாத சேஃப்டி ஆபத்து நேரத்தில் பூட்டிய கதவுதான்.

வாங்கும் முன் சுட்டுப் பாருங்கள்

வாடகைத் துப்பாக்கி தரும் ரேஞ்ச் பல ஊர்களில் உண்டு. யோசித்து வைத்த இரண்டு மாடலையும், ஒப்பிட ஒரு நடுத்தர அளவு 9 மிமீ-யையும் எடுங்கள். குட்டைக் குழலில் சத்தம் அதிகம், எனவே காதுக்கு உள்ளே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு பாதுகாப்பு போடுங்கள், கண்ணாடியும் கட்டாயம்.

ஐந்து கெஜத்தில், அதாவது பதினைந்து அடியில், சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்தில் ஐந்து குண்டு மெதுவாகச் சுடுங்கள். அடுத்து ஏழு கெஜம். அப்புறம் அதே ஐந்தைக் கொஞ்சம் வேகமாக. ஐம்பது தோட்டா முடிந்ததும் உங்களையே கேளுங்கள், இன்னும் ஐம்பது சுட மனம் வருகிறதா? வரவில்லை என்றால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். சுட விருப்பமில்லாத துப்பாக்கியோடு யாரும் பயிற்சி செய்வதில்லை.

நண்பர் யாராவது இருந்தால், மேகசினில் உங்களுக்குத் தெரியாமல் ஒரு போலித் தோட்டாவைக் கலந்து வைக்கச் சொல்லுங்கள். அந்த இடம் வந்து சுடாமல் போகும்போது துப்பாக்கி முனை கீழே குத்தினால், உதைப்புக்குப் பயந்து முன்கூட்டியே அசைகிறீர்கள் என்று அர்த்தம். பயிற்சியால் போகக்கூடியதுதான், ஆனால் சின்னத் துப்பாக்கியில் அதைச் சரிசெய்வது கஷ்டம். நான் .40-ஐ விற்றுவிட்டு, பெரிய 9 மிமீ ஒன்றில் முதலிலிருந்து கற்றுக்கொண்ட பிறகுதான் சின்னதற்குத் திரும்பினேன்.

வாங்கிய பிறகு

புதுத் துப்பாக்கியை அன்றே பாக்கெட்டில் போடாதீர்கள். முதலில் பயிற்சித் தோட்டா 200 சுடுங்கள். கார் (Kahr) துப்பாக்கி நிறுவனம் தன் கையேட்டிலேயே அவ்வளவு சுட்ட பிறகுதான் நம்பலாம் என்கிறது. அப்புறம் தினமும் வைத்திருக்கப் போகும் ஹாலோ பாயிண்ட் தோட்டாவில் குறைந்தது ஐம்பது சுடுங்கள். விலை அதிகம்தான். ஆனால் உங்கள் துப்பாக்கி அந்தத் தோட்டாவைச் சிக்காமல் விழுங்குகிறதா என்று அறிய வேறு வழியில்லை. சின்ன பிஸ்டல்கள் மணிக்கட்டு தளர்ந்தாலே சிக்கும். சிக்கல் துப்பாக்கியிலா கையிலா என்று தெரிய, அனுபவசாலி ஒருவரிடம் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள்.

குட்டைக் குழலில் வேகம் குறைவதால் சில ஹாலோ பாயிண்ட் குண்டுகள் துணி அடைத்துக்கொண்டு விரியாமலே போகும். குட்டைக் குழலுக்கென்றே வடிவமைத்தவை உண்டு. .38-இல் ஸ்பியர் கோல்டு டாட் 135 கிரெய்ன், ஃபெடரல் எச்எஸ்டி மைக்ரோ 130 கிரெய்ன் இரண்டும் அந்த வகை. தோட்டா பெட்டியில் "+பி" (வழக்கத்தை விட அதிக அழுத்தம்) என்று போட்டிருந்தால், உங்கள் துப்பாக்கி அதற்கு ஏற்றதா என்று கையேட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பாக்கெட்டில் வைக்கும் முறைக்கு விட்டுக்கொடுக்கக் கூடாத சில விதிகள். துப்பாக்கி எப்போதும் பாக்கெட் உறைக்குள் இருக்க வேண்டும், அந்த உறை ட்ரிகரை முழுவதும் மூட வேண்டும். அதே பாக்கெட்டில் சாவி, காசு, பேனா எதுவும் கூடாது. உறையின் வெளிப்புறம் சொரசொரப்பாக இருந்தால்தான் துப்பாக்கியை இழுக்கும்போது உறை உள்ளேயே தங்கும். எடுக்கும்போது கட்டைவிரலை ஸ்லைடின் பின்னால் வைத்து, விரல்களை நேராக்கி இறக்குங்கள், கை பாக்கெட் வாயில் மாட்டாது. திரும்ப வைக்கும்போது பாக்கெட்டில் இருக்கும் உறைக்குள் நேராகச் செருகவே செருகாதீர்கள். உறையை வெளியே எடுத்து, துப்பாக்கியின் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து, துப்பாக்கியை உறையில் வைத்து, பிறகு இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டில் போடுங்கள். இதையெல்லாம் காலித் துப்பாக்கியில், தோட்டா எதுவும் இல்லாத அறையில் பழகுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி பாக்கெட்டிலோ மேசையிலோ கிடக்கக் கூடாது. விரைவாகத் திறக்கும் சின்னப் பெட்டகம் ஒன்றைத் துப்பாக்கியோடு சேர்த்தே வாங்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இது எவ்வளவு அவசியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்கும் சொல்கிறேன்: அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருந்தால், அந்தக் காலம் கடக்கும் வரை துப்பாக்கி வீட்டுக்கு வெளியே, சட்டப்படி சரியான இடத்தில் இருக்கட்டும்.

வாரம் ஒரு முறை பாக்கெட் பஞ்சையும் தூசியையும் துடைத்து எடுங்கள். அது குழல் வாய்க்குள்ளும் பார்வைக் குறியிலும் சுத்தியலைச் சுற்றியும் நம்ப முடியாத அளவு சேரும். சின்ன பிஸ்டல்களின் ஸ்ப்ரிங் பெரியவற்றை விடச் சீக்கிரம் தளரும், எத்தனை ஆயிரம் தோட்டாவுக்கு மாற்ற வேண்டும் என்று கையேட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை காலிசெய்து மறுபடி ஏற்றும்போதும் அதே தோட்டா முதலில் ஏறினால், அதன் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அழுந்திவிடும், சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள், குட்டையாகத் தெரிந்தால் அதைத் தனியே எடுத்து வைத்து, ரேஞ்சில் கழிவுத் தோட்டாக்களைப் போடும் டப்பாவில் சேர்த்துவிடுங்கள்.